ஜானுவின் சீட்டுக்கு அடியில்

1

இந்தக் கதை பனகல் பார்க் சிக்னலில் கிடைத்தது. நான் ஆட்டோவில் இருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளை மாருதி, கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து தும் தும் என்று ஓர் அதிர்வு. ஆட்டோவின் கம்பியைப் பிடித்திருந்த என் கைவரை அது வந்தது. முன் சீட்டில் ஒரு பெண் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். அவளுக்கு ஆட்டினானா, பாட்டுக்கு ஆட்டினானா? அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள வேறு வழி இல்லாததால் எழுதுகிறேன்.

2

முதல் ஆரம்பம்: "ஸ்ரீநாத்துக்குச் சின்ன வயதிலிருந்தே சங்கீதம் என்றால் உயிர்…"

பொய். மயிலாப்பூர்ப் பையன் என்பதற்காகச் சங்கீதத்தை அவன் தலையில் கட்டப் பார்த்தேன். மார்கழிக் கச்சேரிக்கு அவன் போவது கேன்டீன் அடைக்காக. அடித்துவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்: "1997 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்ரீநாத் பேங்க்குக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, தன் மாருதியின் முன் சீட்டுக்கு அடியில் சப்வூஃபர்* வைக்கப் போனான்."

இது நிற்கும்.

(* அடித்தொண்டைச் சத்தத்தை மட்டும் உறுமுகிற ஸ்பீக்கர். பெரிய பெட்டியாகத்தான் வரும். இவனுக்குப் பர்மா பஜாரில் தட்டையாக ஒன்று கிடைத்தது, கல்யாண ஆல்பத்தின் அளவும் தடிமனும்.)

3

அவனுக்கு எதற்கு அது? இங்கேதான் நான் நான்கு நாள் பேனாவை மூடி மூடித் திறந்தேன்.

ஸ்ரீநாத்துக்கும் ஜானுவுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஜானு அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மயிலாப்பூர் வீட்டில் அப்பா, அம்மா, கல்யாணமாகாத தம்பி. இவர்கள் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மரத்தடுப்பு, மேலே கூரை வரைக்கும் எட்டாது. உள்ளே இருமினால் ஹாலிலிருந்து "கஷாயம் வேணுமாடா?" என்று குரல் வரும். எனவே அவர்கள் பேச வேண்டியதையெல்லாம் காரில் பேசினார்கள். "மருந்தீஸ்வரர் கோவிலுக்குப் போயிட்டு வந்துடறோம்மா" என்று கிளம்பி, திருவான்மியூர் போகாமல் பெசன்ட் நகர் பீச்சில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுவார்கள். சாட்சிக்கு டாஷ்போர்டில் ஒரு விபூதிப் பொட்டலம். வீட்டில் "ஏன்னா, வாங்கோ, போங்கோ" என்கிற ஜானு, கார்க் கதவு சாத்தினதும் "ஸ்ரீ, நீ என்ன நெனச்சிண்டிருக்கே?" என்று ஆரம்பிப்பாள்.

ஒரு தடவை விபூதி தீர்ந்துபோய்விட்டது. அவசரத்தில் ஜானு பீச் ஓரத்துப் பூக்காரியிடம் துளசி வாங்கிக்கொண்டு வந்து, பிரசாதம் என்று நீட்டிவிட்டாள். சிவன் கோவில் பிரசாதம்! மாமியார் அதை வாங்கி ஸ்வாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

ஒரு மாதமாகக் காருக்குள் ஒரே பேச்சு. பாலவாக்கத்தில் ஒரு மாடி போர்ஷன், கடல் காற்று, இரண்டு பேருக்குத் தாராளம். வீட்டுக்கார அம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். ஸ்ரீநாத் ஒவ்வொரு முறையும், "அம்மாட்ட எப்படிச் சொல்றது, பாக்கலாம்" என்றான். வியாழக்கிழமை போய் அந்தப் பெட்டியை வாங்கினான்.

[கைப்பிரதியைப் படித்த என் சிநேகிதி சூடாமணி, "இவ எதுக்கு இவனைக் கட்டிண்டு அழறா?" என்று கேட்டாள். நியாயம்தான். அதனால் சேர்க்கிறேன்: டாஷ்போர்டில் விபூதிக்குப் பக்கத்தில் ஸ்ரீநாத் பனங்கற்கண்டு வைத்திருப்பான். வகுப்பில் கத்திக் கத்தி ஜானுவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று, அவனாகவே வாங்கி வைப்பது. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நான் இந்நேரம் கதையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.]

4

கடை பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில். வேலை செய்கிறவர் பொன்னுரங்கம். சீட்டைக் கழற்றாமல் பெட்டியை வைக்க முடியாதாம். போல்ட்டுகளைக் கழற்றி, இடது பக்கச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் வைத்தார். ஸ்ரீநாத் கடைக்கும் காருக்கும் நடந்தான். டீ வாங்கினான், பாதியில் வைத்தான். எஸ்.டி.டி. பூத் வாசல்வரை போய்த் திரும்பினான்.

"சார், பொட்டி ஒக்காந்துகிச்சு. ஆனா ஒண்ணு, இனிமே சீட்டு முன்ன பின்ன நவுராது. ஒரே எடத்துலதான் நிக்கும்."

"பரவாயில்லப்பா."

"இன்னா பரவால்ல? முட்டி இடிக்கும். யார் சார் குந்துறது இதுல?"

"ஒய்ஃப்."

"கேட்டுக்கினியா அவங்கள?"

ஸ்ரீநாத் பதில் சொல்வதற்குள் ஜானு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அவனே போன் பண்ணி, பஸ் பிடித்து இங்கே வரச் சொல்லியிருந்தான். சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று. கடையில் நாற்காலி இல்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிளாட்பாரத்தில் தன் சீட்டு இருப்பதைப் பார்த்தாள். போய் அதில் உட்கார்ந்தாள்.

நான் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. கழற்றிய சீட்டை எங்காவது வைக்க வேண்டுமே என்று பிளாட்பாரத்தில் வைத்தேன், அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், இரண்டு வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினவர்கள் முதல் தடவையாக நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவன் எதிரே நிற்கிறான். ஏற்றிவிடக் கண்ணாடியும் இல்லை.

5

"எதுக்கு இது?" என்றாள் ஜானு.

"உனக்குத்தான். பாட்டு நன்னா கேக்கும்."

"எனக்குப் பாட்டு வேணும்னு நான் கேட்டேனா, ஸ்ரீ?"

நடுத்தெருவில் 'ஸ்ரீ' என்றாள். புடவைக் கடைப் பைகளோடு போன இரண்டு மாமிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசு, ஜானு. அப்புறம்… கார்ல…"

"கார்ல இனிமே எப்படிப் பேசறது? அதுக்குத்தானே இதை வெச்சிண்டிருக்கே?"

அவன் பூத்தைப் பார்த்தான். "அம்மாட்ட நான் எப்படி…"

"காத்தாலேயே சொல்லிட்டேன்."

"யாரு? நீயா? அம்மா என்ன சொன்னா?"

"கத்தலை. கத்திரிக்காய் நறுக்கிண்டே கேட்டுண்டா. 'மருந்தீஸ்வரர் கோவில்ல எப்போலேர்ந்து துளசி தரா?'ன்னா. அப்புறம், 'போறதுன்னா போங்கோ, ஆனா அவன் வந்து என்கிட்ட சொல்லட்டும்'னா."

"அப்போ அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லையா?"

"அம்மாவை விடு. உனக்கு என்னோட தனியா இருக்கணுமா, வேண்டாமா? அதைச் சொல்லு. நான் பூத்துக்குப் போய் பாலவாக்கத்துக்குப் பதில் சொல்லணும்."

ஸ்ரீநாத் வாயைத் திறந்தான். "எனக்கு…"

6

இந்த இடத்தில் நிற்கிறது. மூன்று வாரமாக.

அவன் பயந்தது அம்மாவுக்கு இல்லை. வீட்டில் மற்றவர்கள் இருக்கிறவரைக்கும் மனைவியோடு பேசாமல் இருக்க ஒரு சாக்கு இருந்தது. பாலவாக்கத்தில் இவளும் இவனும் மட்டும். அங்கே பேச ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால்? அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜானுவைப் பார்த்தால் அவள் பக்கம்தான் சாய்கிறேன்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஸ்ரீநாத் விடுவிடுவென்று பூத்துக்குள் போய் பாலவாக்கத்துக்கு டயல் செய்கிறான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கையை நான் பிடித்து இழுத்துக்கொண்டு போவது வாக்கியத்திலேயே தெரிந்தது.

(ஆ) "போட்டுக் காட்டுப்பா" என்று பொன்னுரங்கத்திடம் சொல்கிறான். தும் தும் என்று… வேண்டாம். அவனை அவ்வளவு மட்டமாக்க மனசு வரவில்லை.

(இ) ஜானுவே எழுந்து பூத்துக்குப் போய், வீட்டுக்கார அம்மாளிடம் "ஒருத்தருக்கு மட்டும் தருவேளா?" என்று கேட்கிறாள். இதை எழுதிவிட்டு அன்று தூங்கவில்லை.

மூன்றையும் கிழித்தேன். இவன் படிக்க வேண்டிய படிப்பை அப்பா சொன்னார், பேங்க்கை மாமா சொன்னார், பெண்ணை அம்மா சொன்னாள். இதையும் நான் சொல்லிவிட்டால், அவனுக்கு இன்னொரு அம்மா ஆகிவிடுவேன். ஆக மாட்டேன்.

"சார், சீட்ட மாட்டட்டுமா? கட மூடுற நேரம் ஆவுது" என்கிறார் பொன்னுரங்கம், போல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு. ஜானு எழுந்திருக்கவில்லை. ஸ்ரீநாத் என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், இப்போது உங்களைப் பார்க்கிறான். தயவுசெய்து பார்க்காத மாதிரி இருங்கள்.