ஸ்டுடியோவில் அடைத்த பல்சந்து

ராஜஸ்ரீயின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சந்து உண்டு. தரகரிடம் கொடுத்த போட்டோவில் அது இல்லை. அவள் அம்மா வனஜா ஸ்டுடியோக்காரனிடம் சொல்லி அதை அடைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று குட்டு உடைந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஷீலா கோபப்படவில்லை. "போட்டோல இருக்கற மாதிரி ஆக்கிடுங்க, அவ்ளோதான்" என்றாள்.

அதனால்தான் வடக்கே பிழைக்கப் போன போசரி ஊரில், ஒரு பட்டறையில் வார்ப்பு இரும்புக்குச் சாணை பிடிக்கும் ராமநாதன், லீவு சொல்லிவிட்டு மகளோடு பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். ஷீலாவும் வந்திருந்தாள், கலர் பார்க்க.

டாக்டர் இந்தியில் விளக்கினார். பல்லின் முகப்பைக் கொஞ்சம் சீவிவிட்டு, மேலே நகம்போல மெல்லிய ஓடு ஒட்டுவார்களாம். வெனீர் என்று பேர். சீவியது மறுபடி வளராது.

"ரெண்டு பல்லுதானேங்க?" என்றார் ராமநாதன்.

டாக்டர் வாய் திறப்பதற்குள் ஷீலா எழுந்துபோய், நாற்காலியில் சாய்ந்து கிடந்த ராஜஸ்ரீயின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கினாள். சற்றுமுன் பான் மசாலா அள்ளிப் போட்டுக்கொண்ட கை. கழுவவில்லை. கலர் பார்க்க வைத்திருந்த மாதிரிப் பற்களை எடுத்து, ஜாக்கெட் துணிக்கு மேட்ச் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"அரே, இது வெள்ளையா இருந்தா பக்கத்துப் பல்லெல்லாம் மஞ்சளாத் தெரியுமே! மேல்பல்லு எட்டையும் சீவிடுங்க டாக்டர் சாப். ஈறுகூடக் கருப்பு, பாருங்க."

உதடு வழுக்கியது. எச்சில் விரலை ராஜஸ்ரீயின் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானே தவிர, சீவித் தா என்று கேட்கமாட்டான். இதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு தானும் உட்கார்ந்திருந்ததை நினைத்தபோது, அந்த விரலைவிடத் தன்மேல்தான் அருவருப்பு அதிகமாக வந்தது.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தபடி கிடந்ததால் பேச முடியவில்லை.

"கைய எடுங்கம்மா" என்றார். "எந்திரி கண்ணு. வாயக் கொப்பளி, போலாம்."

"என்ன சம்பந்தி இது? நிச்சயத்துக்கு ஹால் சொல்லியாச்சு!"

"பையனுக்குப் பொண்ணு தேடுறீங்களா, பல்செட்டு தேடுறீங்களா? செட்டுதான்னா டாக்டர்கிட்டயே வாங்கிக் கட்டி வைங்க."

ஷீலா பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வெளியேறினாள்.

ராஜஸ்ரீ தொட்டியில் துப்பினாள். கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள்.

"அம்மா என்ன சொல்லும்ப்பா?"

ராமநாதன் டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"மொதல்ல நல்லாத் துப்பு."