ஒரு வீடு, ஒரு மீட்டர்

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முதுகலைப் படிப்பு எதற்கு? சின்னவள் அதைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நுண்பொருளியலை விழுந்து விழுந்து படித்து, முதல் மதிப்பெண்ணோடு செய்து முடித்தாள்.

அவளுடைய ஆய்வுத் திட்டம் இதுதான். ஊருக்குத் தண்ணீர் போதவில்லை. அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும். ஓர் அளவுவரை மலிவு, அதைத் தாண்டினால் விலை ஏறும், இன்னும் தாண்டினால் இன்னும் ஏறும். வளைகோடு வளைகோடாகப் போட்டுக் காட்டினாள். பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குடிநீர் வாரிய அதிகாரியிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரியும் வாரியக் கூட்டத்தில் வைக்கத் தேதி குறித்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான், அவருடைய அண்ணன், தம்பி என்று மூன்று குடும்பமும் மாமியாரோடு ஒரே வீட்டில். குளியலறை வாசலில் துண்டும் கையுமாக ஒரு வரிசை நின்றது. பின்கட்டில் அக்கா இரட்டைக் குழந்தைகளின் துணியை அலசி மாளாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசல் சுவரில் ஒரே ஒரு மீட்டர், தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

சின்னவளுக்குச் சுரீரென்றது. அவள் படித்த பாடத்தில் ஒரு வீடு என்றால் ஒரு நுகர்வோர். எதிர்வீட்டில் தனி ஆளாக இருக்கும் காண்ட்ராக்டர் தினமும் காரைக் குளிப்பாட்டினாலும் மலிவு விலையிலேயே இருப்பார். இந்த வீடு பல் தேய்த்து முடிப்பதற்குள் அளவைத் தாண்டிவிடும். பில் வந்ததும் பழி யார் தலையில் விழும்? நாள் முழுக்கத் துணி துவைக்கிறவள் தலையில்தான்.

மறுநாள் காலையிலேயே பேராசிரியர் அறைக்கு ஓடினாள்.

"சார், இணைப்புக்கு இவ்வளவுன்னு வெச்சது தப்பு சார். ஆளுக்கு இவ்வளவுன்னு மாத்தணும்."

"ஏம்மா, கடைசி நேரத்துல கழுத்தறுக்கறே? சராசரின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்தச் சராசரி வீட்டுல எங்க அக்கா இல்ல சார்."

"எல்லாரோட அக்காவையும் ஒரே கணக்குல அடைக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார் மனுஷன். இவரிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

சரி, கூட்டத்திலேயே சொல்லிவிடலாம் என்று போனாள். சொன்னாள். அதிகாரி அவளுடைய அறிக்கையையே புரட்டிச் சத்தமாக வாசித்தார்.

"'சலுகை கிடைக்குமென்றால் மக்கள் பொய்த் தகவல் தரத் தயங்கமாட்டார்கள்.' இது யாரு எழுதினதும்மா?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன? ஆளுக்குன்னு வெச்சா, இல்லாத மாமன் மச்சான் எல்லாம் வீட்டுக்கு வீடு முளைச்சிடுவாங்க. நீங்களே சொல்லிட்டீங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அதுக்காக, நெஜமா இருக்கற மாமனை என்ன சார் பண்றது?" என்று அவள் கேட்டது கைத்தட்டலில் அமுங்கிப் போயிற்று. திட்டம் நிறைவேறியது. போதாததற்கு, வாரியத்தில் அவளுக்கு ஆலோசகர் வேலை வேறு. உள்ளே இருந்தாலாவது மாற்றலாம் என்ற நப்பாசையில் வயிறு எரிய எரிய வாங்கிக்கொண்டாள்.

புதுக் கட்டணத்தில் பில் வந்த வாரம், அக்கா பெரிய மூட்டையோடு, சின்னவள் இன்னும் தங்கியிருந்த பல்கலைக்கழக மாணவியர் விடுதி வாசலில் வந்து நின்றாள்.

"கல்வி நிறுவனத்துக்கெல்லாம் இந்தக் கட்டணம் கிடையாதுன்னு நீதானேடி சொன்னே? அதான் வந்துட்டேன். அத்தை மீட்டர் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. நான் குழாயைத் தொட்டாலே எட்டிப் பாக்கறாங்க. பிள்ளைங்க துணியைத் துவைக்காம எப்படிடி இருக்கறது?" சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சின்னவளுக்குத் தன் மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூட்டையைப் பிரித்து, அக்காவோடு உட்கார்ந்து துவைக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து வாரா வாரம் மூட்டை வந்தது. அடுத்த பில் வந்த பிறகு ஒருநாள், துவைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அதிகாரி.

"வாழ்த்துகள்மா! பெரிய குடும்பம் இருக்கற தெருவுலயே தண்ணி செலவு குறைஞ்சிருக்கு. உங்க வளைகோடு அப்படியே பலிச்சிடுச்சு!"

"குறையல சார், இடம் மாறியிருக்கு" என்று அவள் வெடித்தாள். "எங்க அக்கா பிள்ளைங்க துணியைத் தூக்கிக்கிட்டு விடுதிக்கு வந்து துவைக்கிறா. இதுக்குத்தான் சார் அன்னிக்கே தலையால தண்ணி குடிச்சேன்!"

"அடடா, எனக்கு இது தோணவே இல்லையேம்மா" என்றார் அதிகாரி. அப்பாடா, ஒருவழியாக மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று சின்னவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"விடுதிக்குக் குடுத்த விலக்கை உடனே எடுத்துடுவோம். ஓட்டையைக் கண்டுபிடிச்சதே நீங்கதான், அடுத்த கூட்டத்துல நீங்களே விளக்கிடுங்க." வைத்துவிட்டார்.

"யாருடி?" என்றாள் அக்கா.

"எங்க அதிகாரி."

"நம்ம கஷ்டத்தைச் சொன்னியா? என்ன சொன்னாரு?"

சின்னவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"வீட்டுல இன்னும் அழுக்குத் துணி இருந்தா எல்லாத்தையும் இன்னிக்கே கொண்டு வந்துடுக்கா" என்றாள்.