பிராங்க்ளினின் பொன்னாடை

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சகாயநாதனுக்கு நிமோனியா குணமாகிவிட்டது. குணமாக்கிய ஆன்டிபயாட்டிக் வயிற்றைக் கெடுத்துவிட்டது.

"கெட்ட கிருமியோட நல்ல கிருமியும் செத்துடுச்சு சார். காலி இடத்துல ஆஸ்பத்திரிக் கிருமி குடியேறிடுச்சு," என்றார் டாக்டர் அனுபமா. "துணி, கட்டில், கை எல்லாத்துலயும் ஒட்டிக்கும். ஜெல்லுக்குச் சாகாது, சோப்புப் போட்டுக் கழுவணும். ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கற வயசானவங்களுக்கு ஒட்டினா ஆபத்து."

இதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று மனைவி ரோசரிக்குக் கட்டளை. மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் காலமெல்லாம் தலைமை தாங்கியவர் டயப்பரில் கிடப்பது பங்கு மக்களுக்குத் தெரியலாமா? 'லேசான காய்ச்சல்' என்பதே அதிகாரபூர்வ அறிக்கை.

அதை நம்பி, கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் துணைத்தலைவர் பிராங்க்ளின் பொன்னாடையோடு வந்தார். ஆஸ்பத்திரி அறை வாசலில் கையில் ஜெல் தடவி, நோயாளியை நிமிர்த்திப் போர்த்தி, படம் எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் கேரல் லாரியில் அவரும் உண்டு. குரல்வளம் கருதி, நட்சத்திரக் கம்பைப் பிடிக்க மட்டும் விட்டிருந்தார்கள்.

"ஞாபகம் இருக்காண்ணே? லாரி வழி தப்பி ஸ்ரீரங்கம் போச்சே."

"நம்ம கிடார் டோமினிக் பய வழி சொன்னான், போகாம என்ன செய்யும்? உத்திர வீதியில ஒரு மாமி முழுப் பாட்டையும் கேட்டாங்க. கேட்டுட்டு, 'இது எந்தப் பெருமாள் உத்சவம்?'னாங்க."

"புளியோதரை குடுத்தாங்கல்ல?" என்றார் ரோசரி.

"அவன் மட்டும் மூணு தொன்னை."

மார்கழிப் பனி, பெட்ரோமாக்ஸ் வாடை, ஸ்வெட்டரைக் கழற்றித் தன் கிடாருக்குப் போர்த்திவிட்டு நடுங்கிக்கொண்டே பாடிய டோமினிக். சகாயநாதனுக்குக் கொஞ்ச நேரம் வயிறே மறந்துபோயிற்று.

பிராங்க்ளின் எழுந்து, பொன்னாடையை உருவி மடித்தார். தவறில்லை. பேரவைக்கு இருப்பது ஒரே பொன்னாடை. எந்தப் பிரமுகருக்கும் அதைத்தான் போர்த்தி, படம் எடுத்து, திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

"கீழ் மாடியில டோமினிக் அண்ணன் சர்க்கரைப் புண்ணுக்குப் படுத்திருக்கார். அவருக்கும் ஆன்டிபயாட்டிக்தான் ஏறுது. போய்ப் போர்த்திட்டு வரேன்."

ரோசரி கணவரைப் பார்த்தார்.

"அதை வெச்சிட்டுப் போ. கிருமி இருக்கும்."

"அதான் ஜெல் போட்டேனேண்ணே."

"துவைச்சாவது..."

"ஜரிகை கறுத்துடும்ணே. பேரவைச் சொத்து."

சகாயநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுலயே வெளிக்குப் போயிட்டேன்டா."

பேரவைச் சொத்து தரையில் விழுந்தது. சொன்னது பொய். ஆனால் தொடங்கியாயிற்றே என்று பேதி, டயப்பர், கிருமி என உண்மைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டார். லாரியில் பாடிய அதே குரல். வராந்தாவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

பிராங்க்ளின் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். அவர் வெறுங்கையோடு படியிறங்கிய சற்று நேரத்தில் ரோசரியின் செல்போன் அடித்தது; எடுத்துக் கணவர் காதில் வைத்தார்.

"ஏன்டா, பொன்னாடையிலயேவா?" டோமினிக்குக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"ஆமாடா. நீ பாட்டுக்கு மேல வந்துராதே."