ரதிதேவியின் வெள்ளை ஹெதர்

ஹெதர் என்று ஒரு செடி இருப்பதே ஹில்ஸ்பரோவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். முழங்கால் உயரம்கூட வராது. இலை ஊசி, பூ அரிசிமணி. இதில் என்ன பெரிய அழகு என்று நினைத்தேன். ஒரு ஜூன் மாதம் பக்கத்து வீட்டு ரதிதேவியின் வாசலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். மழையும் குளிருமாக ஆக்லாந்தே சுருண்டு கிடக்கிறது, அங்கே ஒரு செடி ரோஸ், ஒன்று கத்தரிப்பூ நிறம். இன்னொன்றுக்கு இலையே பொன், குளிர் பட்டால் செம்பாகிவிடும். நடுவில் ஒரே ஒரு வெள்ளை.

அந்த வெள்ளை, ரதிதேவியின் கணவர் கடைசியாக நட்டது. அவர் இப்போது இல்லை. வீட்டையும் விற்றாயிற்று, ஜூனில் சாவியைக் கொடுக்க வேண்டும். ஊரின் இன்னொரு கோடியில், பிளாட் புஷ்ஷில் மகன் பிரசாத்தோடு இருக்கப் போகிறாள்.

"வேற ஒண்டும் வேண்டாம் அக்கா. அந்த வெள்ளையை மட்டும் கிளப்பிக்கொண்டு போகோணும்" என்று சொல்லிவிட்டு, ஜனவரிக் கோடையில் மகளின் பிரசவத்துக்கு மெல்பர்ன் போனாள். தண்ணீர் ஊற்றுவது எங்கள் பொறுப்பு.

ஊற்றியதோடு என் வீட்டுக்காரர் வரதராஜன் நின்றிருக்கலாம். அவர் நிலக்கோட்டைக்காரர். மல்லிகையை ஒட்ட வெட்டினால்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்று வளர்ந்தவர். நான் கடைக்குப் போன நேரம் பார்த்து, வெள்ளைச் செடிக்குக் கவாத்து செய்து, கட்டை தெரிய வெட்டிவிட்டார்.

"என்னங்க இது, மொட்டை அடிச்சிட்டீங்க?"

"எப்படித் துளிர்க்குது பாரு!"

துளிர்க்கவில்லை. ஹெதர் பழைய கட்டையிலிருந்து துளிர்க்காதாம். நர்சரியில் இருந்த பெண் இதைச் சொன்ன அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூனில் ரதிதேவி திரும்பி வந்தாள். மற்றதெல்லாம் பூத்துக் கிடக்க, அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆர் வெட்டினது?"

"நான்தாம்மா. மல்லி மாதிரின்னு நெனச்சுட்டேன்."

"அவர் கடைசியா வச்சது அண்ணை, இது."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டையை நானே பிடுங்கிவிடுகிறேன் என்று மண்வெட்டியை எடுத்தாள். பக்கத்து ரோஸ் நிற ஹெதர் அதன்மேல் படர்ந்து கிடந்தது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று, பாவாடையைத் தூக்குவது போல அதை நான் தூக்கிப் பிடித்தேன்.

அடியில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது.

கட்டையின் கிளை ஒன்று எப்போதோ மண்ணில் சாய்ந்து, சருகுக்குள் ஓடி, தானே வேர்விட்டிருக்கிறது. வெளிச்சம் எட்டாத இடத்தில் கைப்பிடி அளவு செடி, உச்சிவரை பூ! மூன்று பேரும் ஈர மண்ணிலேயே மண்டியிட்டுவிட்டோம். விரலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தால், பிறந்த குழந்தையின் தலைமுடி போல வேர். எந்த வழியாக வந்ததோ, ஒரு தேனீ எங்களைக் கண்டுகொள்ளாமல் ஒவ்வொரு பூவாகப் போய்க்கொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்கோ அக்கா" என்றாள். "அண்ணை வெட்ட முந்தியே இது தனிக்குடித்தனம் போயிட்டுது."

பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு, மண்ணோடு பெயர்த்து வைத்தோம். காரில் ஏற்ற என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கை நீட்டினார்.

"கத்தரிக்கோல் எங்க அண்ணை?"

"சத்தியமா இல்லம்மா!" இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

ரதிதேவி சிரித்துவிட்டாள். விரித்த அந்தக் கைகளிலேயே டப்பாவை வைத்தாள்.