பதினோரு வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு

தையலக்காவுக்கு ஒரு செய்தி கிடைத்தால் அது அரை மணி நேரத்துக்கு மேல் அவள் வயிற்றில் தங்காது. அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் குடியிருந்த பதினோரு குடும்பங்களும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவை. முகத்துக்கு நேரே "அக்கா" என்பார்கள். படியேறித் திரும்பியதும் "ஒலிபெருக்கி" என்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படிப் போகும், அதையும் யாராவது ஒருவர் வந்து சொல்லிவிட்டுத்தானே போவார்.

கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்து அறைதான் அவள் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, வருகிறவர் உட்கார ஒரு முக்காலி. கட்டடத்திலேயே இணைய இணைப்பு இருந்தது அவளிடம் மட்டும்தான். மேல்மாடிகளுக்குக் கம்பி இழுக்க வந்தவர்கள் படிக்கட்டின் செங்குத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். பாஸ்வேர்டு கேட்டு வந்த யாரையும் அக்கா இல்லையென்று திருப்பி அனுப்பியதில்லை. தாராள மனசு என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் பாஸ்வேர்டை மாற்றிவிடுவாள். புதியது வேண்டுமென்றால் ஆள் நேரில் இறங்கி வர வேண்டும், முக்காலியில் உட்கார வேண்டும், பத்து நிமிடமாவது வாயைத் திறக்க வேண்டும். ஒன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் கட்டடத்தின் மொத்த நிலவரமும் அவள் கைக்கு வந்துவிடும், இரண்டாம் தேதி மதியத்துக்குள் எல்லாருடைய கைக்கும் போய்விடும்.

இப்படி எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் இணையக் கண்காணிப்புத் துறையிலிருந்து கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அடையாள அட்டையுடன் நேரில் வரவும். காரணம் போடவில்லை. அக்கா பயந்துபோய் அதை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் பேருந்து ஓட்டுநர், ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை பேசுகிற மனிதர். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "போய்ட்டு வா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றார். அன்றைய கணக்கில் ஆறு வார்த்தை அதிலேயே தீர்ந்தது.

துறை அலுவலகத்தில் அவளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் கோப்பு அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். மேசைமேல் தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு. அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எட்டி, அவளுக்குப் பின்னால் கதவுப் பக்கமும் பார்த்தார்.

"நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்களா?"

"ஒருத்தரத்தானே சார் கூப்பிட்டீங்க."

"ஒரு வருஷமா உங்களக் கவனிச்சிட்டு வர்றோம்மா. மூணு பேர் குழு. எங்களால உங்களப் புரிஞ்சுக்கவே முடியல."

கோப்பின் முதல் பக்கத்தைப் பிரித்து வாசித்தார். "இணைப்பின் உரிமையாளர் ஐந்து மாதக் கர்ப்பிணி. வயது எழுபதுக்கு மேல். தலை வழுக்கை. கரப்பான் பூச்சியைக் கண்டால் மயங்கி விழுபவர். மேலதிகாரியின் மேல் தீராத கோபம் கொண்டவர். ஒரே நேரத்தில் ஒன்பது காணொளிகள் பார்க்கும் திறமை உள்ளவர். உறங்குவதில்லை. மாதந்தோறும் முதல் தேதி பாஸ்வேர்டை மாற்றுகிறார். இது தேர்ந்த உளவாளிகளின் வழக்கம்."

வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க மேலதிகாரி இது ஏதோ பெரிய சதின்னு சொல்றார். எனக்கென்னவோ நீங்க இணைப்ப அக்கம்பக்கத்துல கொடுத்திருக்கீங்கன்னு தோணுது. அது விதிக்கு விரோதம். ஆனா யாரு எதத் தேடுனாங்கன்னு பேர் போட்டு எழுதிக் கொடுத்துட்டா உங்கள விட்டுடுவோம். அவங்க பேர்ல தனித்தனியா கோப்பு திறந்து நாங்க பாத்துக்குவோம். எல்லாம் நாந்தான்னு சொன்னாலும் சரி, எழுதிக்குவேன். அது பொய்னு தெரிஞ்சா மட்டும் உங்க கடை உரிமம் போயிடும்."

பேனாவையும் வெள்ளைத் தாளையும் அவள் பக்கம் நகர்த்தி, கோப்பைத் திருப்பி வைத்தார்.

அக்கா படிக்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் பயமெல்லாம் எங்கேயோ பறந்து போனது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவர், "பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி" என்று தேடியிருந்தார். நாலாவது மாடிக் கணக்கு வாத்தியார். வேறு யாராக இருக்க முடியும். "முட்டை வேக எத்தனை நிமிடம்" என்று கேட்டிருப்பது பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரராக இருக்கும் இரண்டாவது மாடிக்காரர். கரப்பான் பூச்சிக்கு மயங்கி விழுவது, தூண் மாதிரிக் கையை வைத்துக்கொண்டு உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற 'இரும்பு'. எழுபது வயதில் நடனம் கற்கலாமா என்று ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்றாவது மாடிப் புதுப்பெண் ஐந்து மாதம் என்பது ஊரிலிருக்கும் அவள் மாமியாருக்கே இன்னும் தெரியாது.

அக்காவுக்குச் சந்தோஷத்தில் காது மடல் சூடேறியது. இத்தனை வருடம் முக்காலியில் உட்கார வைத்துப் பத்துப் பத்து நிமிடமாகக் கறந்ததெல்லாம் இதில் கால் பங்கு தேறாது. ஊருக்கே விருந்து வைக்கலாம், அவ்வளவு இருந்தது. சொல்லியும் விடலாம், தப்பித்தும் விடலாம். இப்படி ஒரு வாய்ப்பு அவள் ஆயுளில் இன்னொரு தடவை வருமா. பேனாவை எடுத்து, "1. நாலாவது மாடி" என்று எழுதினாள்.

"அப்படியே இதையும் பாத்துடுங்கம்மா," என்றார் அதிகாரி. "எங்க குழுவுக்கு இதுதான் பெரிய குழப்பம். உங்களுக்கு மனைவி இருக்காங்களா?"

"எனக்கா?"

அவர் விரல் வைத்துக் காட்டினார். மழைக்காலத்துத் தேதி. காலை ஐந்தே கால். "எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் மனைவி மூன்று நாளாகப் பேசவில்லை. என்ன செய்ய வேண்டும்?" அதற்குக் கீழே, "தொண்டைப் புண் ஆறிய பிறகு குரல் பழையபடி வருமா?" அதற்கும் கீழே, "மனைவியைப் பேச வைப்பது எப்படி?"

அக்காவுக்கு அந்த மூன்று நாளும் நன்றாக நினைவிருந்தது. தொண்டை வீங்கி, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, "வீடு நிம்மதியா இருக்கு," என்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் குணமான பிறகு ஒரு வாரம் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். அந்த மனிதர் விடியற்காலையில் வண்டி எடுக்கப் போகும் முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறார். அவளிடம் கேட்கவில்லை. அதை அவளுக்கு முன்னால் மூன்று பேர் குழு படித்துப் பார்த்துக் குழம்பியிருக்கிறது.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இவர்கள் யார் இதைப் படிக்க என்று நினைத்தாள். உடனே, நான் மட்டும் யார் என்றும் தோன்றியது. மறுபடி அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது முன்பு வந்த சிரிப்பு வரவில்லை. வாத்தியார் திங்கட்கிழமை பிள்ளைகள் முன்னால் தலை குனியக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கிறார். புதுப்பெண்ணுக்குக் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாததைத்தான் எல்லாரும் அங்கே கேட்டிருக்கிறார்கள். குறிப்பாக, கீழ்த்தளத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவள் காதுக்குப் போய்விடக் கூடாததை.

எழுதிய தாளைக் கசக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் நாந்தான் சார்."

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. உரிமம் போயிடும்."

"யோசிச்சாச்சு. எழுதிக்கங்க."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். "அஞ்சு மாசக் கர்ப்பம்னு இருக்கு. உங்களுக்கு அம்பத்திரண்டு வயசு."

"மாசமா இருக்கற பொண்ணுக்குக் கவுன் தைக்கணும்னா எந்த மாசத்துல வயிறு எவ்வளவு இருக்கும்னு தெரிய வேணாமா?"

"பிரசவ வலி எப்படித் தொடங்கும்னு கேட்டிருக்கீங்களே."

"அளவெடுக்கும்போது தொடங்கிட்டா?"

அவர் எழுதிக்கொண்டார். "எழுபது வயசுல நடனம்."

"இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கு. இப்பவே கேட்டு வச்சுக்கறேன்."

"வழுக்கையில முடி வளர எண்ணெய்." இதைக் கேட்கும்போது அவர் பார்வை அவளுடைய கனத்த கொண்டையில் போய் நின்றது.

"முன்ஜாக்கிரதை."

"மேலதிகாரிய அடிக்காம இருக்கறது எப்படி. உங்களுக்கு மேலதிகாரி யாரும்மா?"

"என் கடைக்கு நாந்தான் அதிகாரி. சில நாள் என் மேலயே எனக்குக் கோவம் வரும்."

"ஒரே நேரத்துல ஒம்போது காணொளி?"

"தைக்கும்போது பொழுது போகணும்ல."

"ஒம்போதா?"

"ரெண்டு மெஷின் இருக்கு சார்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, மாசாமாசம் பாஸ்வேர்ட ஏன் மாத்தறீங்க?"

"நீங்கதானே மாத்தச் சொல்றீங்க," என்று அக்கா அவர் தலைக்குப் பின்னால் கை காட்டினாள். சுவரில் துறையின் சுவரொட்டி: பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றுங்கள், நாட்டைக் காப்பாற்றுங்கள். அவர் நாற்காலியோடு திரும்பி அதை முழுதாகப் படித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

"கடைசியா, அந்த மனைவி விஷயம்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அது நான் விளையாட்டாப் போட்டுப் பாத்தது சார். நான் மூணு நாள் பேசாம இருந்தா என் வீட்டுக்காரர் இப்படியெல்லாம் கேப்பாரான்னு."

"கேப்பாரா?"

"கேப்பார்."

படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ஆபத்தானவர், ஆபத்தில்லாதவர். இரண்டிலும் அவர் குறி போடவில்லை. ஓரத்தில் தன் கையாலேயே மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, "ஒரு மாதிரியானவர்" என்று எழுதிக் குறி போட்டார்.

கட்டடத்துக்குத் திரும்பியபோது படிக்கட்டு நெடுக ஆள் நின்றது. இரும்பு, வாத்தியார், சமையல்காரர், தபால்காரர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு புதுப்பெண். எல்லார் முகத்திலும் ரத்தமே இல்லை. "என்னக்கா கேட்டாங்க?" என்று வாத்தியார்தான் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். ஒரு கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பாஸ்வேர்ட ஏன் மாசாமாசம் மாத்தறேன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்."

ஒருவரும் நம்பவில்லை. அடுத்த நாள் மதியம் வந்தது, எந்தச் செய்தியும் எந்த மாடிக்கும் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. அடக்கி வைத்த செய்திகளால் அக்காவுக்கு வயிறு உப்பிக்கொண்டு, இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. அதற்கெல்லாம் சேர்த்து வீட்டுக்காரரிடம் பொத்தான்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தாள். "கொஞ்சம் வாய மூடேன்," என்றார் அவர். அவள் சிரித்துவிட்டு இன்னும் அரை மணி நேரம் பேசினாள்.

பத்து நாள் கழித்துக் கோப்பு அதிகாரி கடைக்கே வந்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டுப் போனதாம். அக்கா போட்டுக் கொடுத்தாள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார், ஆனால் கிளம்பவில்லை. மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க பாஸ்வேர்டு கொஞ்சம் கிடைக்குமாம்மா?"

"எதுக்கு சார், சோதனையா?"

"இல்ல. எனக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஒண்ணே ஒண்ணுதான்."

"உங்க வீட்ல இணைப்பு இல்லயா?"

"இருக்கு. எங்க துறைக்காரங்க வீட்டு இணைப்ப இன்னொரு குழு கவனிக்குது. அவங்க தினமும் என்கூட உக்காந்து மத்தியானம் சாப்பிடறவங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க மூணு பேர் குழுவக் கலைச்சாச்சு. இப்ப உங்க கோப்புல விழுந்தா படிக்கறது நான் மட்டும்தான்."

அக்கா பாஸ்வேர்டைச் சொன்னாள். அவர் போனை முழங்காலில் வைத்து ஒற்றை விரலால் அடித்தார். அடித்ததை அழித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அடித்தார். அக்காவுக்கு உடம்பெல்லாம் அரித்தது. துணி போட்டுப் பார்ப்பவர்களுக்காகச் சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி அவருக்கு நேர் பின்னால் இருந்தது. அவள் திரும்பக்கூட வேண்டாம். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும், திரை முழுக்கத் தெரியும்.

எழுந்து போய், தைத்து முடித்திருந்த திரைச்சீலை ஒன்றை எடுத்து அந்தக் கண்ணாடியின் மேல் போர்த்தினாள். வந்து உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் மெஷினை மிதித்தாள். அவர் படித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு வாசலைத் தாண்டித் தெருவில் மறைகிற வரைக்கும் மிதித்தாள். ஊசியில் நூலே கோக்கவில்லை என்பதை அதற்கப்புறம்தான் பார்த்தாள்.