முப்பத்து நாலு சதவீதம்

“முடிவையே படிக்காம, முடிவு நல்லா இல்லேன்னு எப்படிப்பா எழுதுனீங்க?”

மகள் இப்படிக் கேட்டபோது எடை ஆய்வாளர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் ஐந்தாம் வகுப்பு. அந்த வாரம்தான் பள்ளியில் சதவீதம் நடத்தியிருந்தார்கள். கண்ணில் பட்ட சதவீதத்தையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மின்னூல் கருவியில் ஒரு நாவலின் அட்டைக்குக் கீழே ‘படித்தது 34%’ என்று இருந்தது. அதே நாவலைப் பற்றித் தன் வலைப்பூவில் எழுதியதை முந்தைய நாள் அவரே வீட்டில் உரக்கப் படித்துக் காட்டியிருந்தார். ‘முடிவுதான் ஏமாற்றிவிட்டது’ என்பது அதன் கடைசி வரி.

“அது... கருவி கோளாறும்மா.”

“கடைக்காரங்க தராசு கோளாறுன்னா மட்டும் நம்ப மாட்டீங்களே,” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் பத்தொன்பது வருடத்தில் ஒரு தராசுக்கும் முத்திரை குத்தியதில்லை. புத்தக விஷயத்தில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. வாரம் ஒரு பதிவு என்று வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாசகர்கள் பதினொரு பேர். அதில் இருவர் மைத்துனர்கள்.

பதிவை நீக்கிவிட்டால் ஆயிற்று என்று அலுவலகத்தில் கணினியைத் திறந்தார். அதற்குள் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. நாவலை எழுதியவரே போட்டிருந்தார்.

‘முழுதாகப் படித்ததற்கு நன்றி. எனக்குத் தெரிந்து கடைசிப் பக்கம்வரை வந்தவர் நீங்கள் ஒருவர்தான். முடிவில் எனக்கும் திருப்தியில்லை. மனைவி மட்டும் நன்றாயிருக்கிறது என்றாள். ஆனால் அவளும் இன்னும் படிக்கவில்லை.’

நீக்கக் கை வரவில்லை. உண்மையைச் சொல்லலாம், சொன்னால் அந்த மனிதருக்கு இருக்கும் ஒரே வாசகரும் போய்விடுவார். அன்று மாலை கும்பிடுவதற்குக் கண்ணை மூடினார். கடவுள் தெரியவில்லை, முப்பத்து நாலு தெரிந்தது. கடவுள் சில சமயம் அப்படியும் வருவார்.

மறுநாளிலிருந்து மதிய இடைவேளைகளில், பழைய எடைக்கற்கள் அடுக்கியிருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“என்ன சார், உள்ள புதையல் கிதையல் இருக்கா?” என்று கேட்டார் தட்டச்சு அம்மா.

“பாக்கி வேலைம்மா.”

நாவல் நத்தையாக நகர்ந்தது. ஐம்பது சதவீதத்தில் ஒரு கல்யாணம், அறுபதில் ஒரு வாய்க்கால் தகராறு. எழுபத்தொன்றில், மனைவியை இழந்த ஒருவன் வீடியோ பார்த்து மகளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொள்ளும் இடம் வந்தது. மூன்றே பக்கம். அவன் போடும் பின்னல் கோணல்மாணலாகவே இருக்கிறது. மகள் பள்ளி வாசலில் பிரித்துச் சரியாகப் பின்னிக்கொள்கிறாள். மாலையில் வீடு வருமுன் மறுபடி கோணலாக்கிக்கொள்கிறாள். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததும் அந்த மூன்று பக்கத்தையும் மறுபடி படித்தார்.

ஒன்பதாம் நாள் நாவல் முடிந்தது. முடிவு நிஜமாகவே ஏமாற்றம்தான்.

ஆகவே பதிவில் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்: ‘பின்னல் போடும் அந்த மூன்று பக்கங்களுக்காகவே இந்த நாவலைக் கடைசிவரை படிக்கலாம்.’

சேமித்தார். பழைய பதிவு என்பதால் யாருக்கும் அறிவிப்பு போகவில்லை. அந்த வாரம் அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் எவருமில்லை என்று வலைப்பூவின் வருகை எண்காட்டி சொன்னது. ஆய்வாளர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.