இப்பதான் சாப்பிட்டனான்

முரசுமோட்டைச் சனங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வேலிப் படலையடியால் யார் போனாலும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவருக்குச் சோறு போடுகிற எண்ணம் இருக்காது. போகிறவருக்கும் அது தெரியும். "இல்லை, இப்பதான் சாப்பிட்டனான்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வழியில் போவார். இரண்டு பேருக்கும் மனம் நிறைந்துவிடும். வயிறு மட்டும் இருந்தபடியே இருக்கும்.

எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் மீன்வாடியில் சோறு வெந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வந்தவன் கையைக் கழுவிவிட்டுக் குந்துவான், அவ்வளவுதான். கூப்பிட்டால்தான் அவனுக்குக் கோபம் வரும், என்னை வேற்று ஆளாக நினைத்துவிட்டாயா என்று. வாயளவில் உபசாரம் செய்கிறவர்களை என் மனைவி இராசாத்தி ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்: பம்மாத்து. நாங்கள் பம்மாத்து என்று சொல்வதற்கு இந்த ஊரில் மரியாதை என்று பெயர்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபோது கரையை விட்டு ஓடிவந்தோம். அதன் பிறகு அங்கே இராணுவ முகாம்தான். இராசாத்தி முந்தின வருடமே போய்விட்டாள், அவளுடைய கல்லறை முகாமுக்குள் அகப்பட்டுக்கொண்டது. மகன் மெல்ரொன் படகேறி இந்தியாவுக்குப் போனான். உயிரோடு இருக்கிறான் என்று சொல்லக்கூட ஒருவரும் வரவில்லை. நான் ஒரு வீச்சு வலையோடு முரசுமோட்டைக்கு வந்து ஒரு கொட்டிலில் ஒதுங்கினேன். ஆழ்கடலில் வலை விட்டவன் இங்கே ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நின்று விரலளவு மீன் பிடித்தேன். சந்தியில் அதைக் கொடுத்தால் அரைவயிற்றுக்கு அரிசி கிடைக்கும். பொழுதுபட ஒருதரம் உலை வைப்பேன்.

ஆற்றிலிருந்து திரும்பும் வழியில்தான் அன்னபாக்கியத்தின் வீடு. அவருடைய கணவர் மயில்வாகனம் கமக்காரர். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்த ஆட்கள். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் மச்சம் சாப்பிடமாட்டார்கள், ஆகவே என் பையில் என்ன மீன் கிடந்தாலும் அந்தப் படலைக்குள் அது போகாது. ஆனாலும் ஒவ்வொரு நாள் மத்தியானமும் அன்னபாக்கியம் படலையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்.

"மரியநேசண்ணை, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

"இல்லைத் தங்கச்சி, இப்பதான் சாப்பிட்டனான்."

ஆற்றில் நின்றவன் எங்கே போய்ச் சாப்பிட்டான் என்று அவர் கேட்டதில்லை. நானும் வயிறு காந்தக் காந்தக் கொட்டிலுக்கு வந்து, அவரை மனதுக்குள் திட்டுவேன். முகத்துக்காகக் கேட்கிறா, வெறும் நடிப்பு, நெல்லுக்காரருக்கு நாக்கில் மட்டும்தான் ஈரம் என்று. நான் சொன்னதும் பச்சைப் பொய்தானே? அதற்கு நான் வைத்திருந்த பெயர் ரோசம். அடுத்தவர் செய்தால் பாசாங்கு, நான் செய்தால் ரோசம்!

தொண்ணூற்று மூன்று மார்கழியில் இராசாத்தியின் ஆண்டு நாள் வந்தது. எங்கள் ஆட்கள் அன்றைக்குப் பூசை ஒப்புக்கொடுத்து, நாலு பேரோடு இருந்து சாப்பிடுவார்கள். செத்தவரின் நாளில் தனியே தின்னக்கூடாது. நான் அதுவரைக்கும் வந்த எல்லா ஆண்டு நாளிலும் தனியேதான் தின்றிருந்தேன். இந்த முறையும் கொட்டிலில் குந்திச் சட்டியைப் பார்த்துக்கொண்டு தின்ன என்னால் முடியாது என்று பட்டது. யாராவது ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பிடி சோறு. வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் வந்தேன். அன்னபாக்கியம் வழமைபோலக் கேட்டார்.

"ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோவன் அண்ணை."

"ஓம் தங்கச்சி. சாப்பிடுவம்" என்றேன்.

அவருடைய கை படலையிலிருந்து நழுவியது. ஒரு கணம் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டேன் என்பதுபோல இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோசம். அகப்பட்டீரா, இனி எப்படிச் சமாளிப்பீர் என்று.

"வாங்கோ, வாங்கோ. உந்தக் கதிரையிலை இருங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

பையை வேலியில் கொழுவிவிட்டு விறாந்தையில் இருந்தேன். குசினிக்குள் அகப்பை பானையைச் சுரண்டியது. நிறையச் சோறு உள்ள பானையை யாரும் அப்படிச் சுரண்டுவதில்லை. அப்போதுதான் விறாந்தை மூலையில் நெல் மூட்டைகள் அடுக்கும் பலகையைப் பார்த்தேன். வெறும் பலகை. பொருளாதாரத் தடையில் யூரியா வராமல், போன போகம் பதராய்ப் போனது என்று சந்தியில் கதைத்தது எனக்கும் கேட்டதுதான். ஆனால் நெல் விதைக்கிறவன் வீட்டில் அரிசி இல்லாமல் போகும் என்று கடற்கரையானான எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் கரையில் மீன் படாத நாள் இல்லையா என்ன?

மயில்வாகனம் வயலிலிருந்து வந்து கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு நேரே குசினிப் பக்கம் போனார். உள்ளே ஏதோ குசுகுசுப்புக் கேட்டது. பிறகு விறாந்தைக்கு வந்து, கழுவிய கையைத் துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டேன்.

"நான் வயலுக்கையே சாப்பிட்டிட்டன்" என்றார்.

அன்னபாக்கியம் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். சோறு, பூசணிக்காய்க் கறி, சொதி. இரண்டு பேர் சாப்பிடக்கூடிய சோறு.

"நீங்கள், தங்கச்சி?"

"நானும் இப்பதான் சாப்பிட்டனான் அண்ணை."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் என் வாயிலிருந்து வந்த குரல் அது. அதே வேகம், முகத்தைப் பார்க்காமல் சொல்கிற அதே மாதிரி. இந்தப் பொய்யில் கைதேர்ந்த ஒருவனிடமே வந்து அதைச் சொல்கிறார்கள்!

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போனால் அவர்களுடைய பானையை நான் பார்த்துவிட்டேன் என்றாகிவிடும். பாதியை மிச்சம் விட்டாலும் அதேதான். ஆகவே தின்றேன். ஒரு பருக்கை விடாமல் தின்றேன். "கறி நல்லாயிருக்கு" என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. மயில்வாகனம் மழையைப் பற்றிக் கதைத்தார். அன்னபாக்கியம் கதவு நிலையில் சாய்ந்து நின்று, "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டார். இல்லாத சோற்றை.

இராசாத்தியின் நாள் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் படலையடிக்கு வந்தேன். அன்னபாக்கியம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விளக்குமாறு நின்றது.

"மழை வரும் போலை கிடக்கு, என்ன அண்ணை?"

"ஓம்."

வேறொன்றும் இல்லை. அடுத்த நாளும் மழைக் கதைதான். அதற்கடுத்த நாள் என்னைத் தூரத்தில் கண்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் இனிக் கேட்கமாட்டார். கேட்டால் நான் ஓம் என்று சொல்லிவிடக்கூடும் அல்லவா.

விடிந்து பொழுதுபடும்வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. சந்தியில் நான் வெறும் மீன்காரன். பம்மாத்து, நடிப்பு என்று நான் திட்டித் தீர்த்தது அந்த ஒரேயொரு குரலைத்தான். அது நிஜமா என்று சோதிக்கப் போய், இருந்ததையும் நானே வாயடைக்கச் செய்துவிட்டேன். அந்த இரவுகளில் கொட்டில் பெரிதாக இருந்தது.

ஒரு கிழமை போனது. ஒரு மத்தியானம் படலையடியில் நின்றேன். காலையிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. அவர் முற்றத்தில்தான் இருந்தார். உள்ளே போகத் திரும்பினார்.

"தங்கச்சி!" என்றேன் பெலத்து. "நான் இப்பதான் வயிறு முட்டச் சாப்பிட்டனான்!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தோளில் ஈர வலை, காலில் காயாத ஆற்றுச் சேறு. எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு மெல்லப் படலையடிக்கு வந்து, பழையபடி கையை ஊன்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அப்பிடியெண்டாலும் மரியநேசண்ணை, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

"ஐயோ வேண்டாம் தங்கச்சி. வயித்திலை இடமில்லை. போட்டு வாறன்."

கொட்டிலுக்கு நடந்தேன். பசியில் கண் இருண்டது. நாளைக்கும் கேட்பார்.